ஊதிய பின் எங்கே பார்ப்பது

அவரும் நானும் ஒரே மாதத்தில்தான் கூடைப்பந்து நடுவர்களானோம். மயிலாப்பூரில் ஒரு பள்ளி ஆட்டத்துக்கு எங்கள் இருவரையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஒல்லியான பெண், பட்டினப்பாக்கத்துக்காரர். விசிலை ஊதினால் கையை உயர்த்திக்கொண்டு அப்படியே நிற்பார். பயிற்சியாளர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பவே மாட்டார். பையன்கள் வாயைத் திறக்காமல் பந்தைக் கொடுத்துவிடுவார்கள். நான் ஊதினாலோ, “சார், நான் தொடவே இல்ல சார்!” என்று சூழ்ந்துகொள்வார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவரும் என்னைப் போலப் புதியவர்தானே!

இடைவேளையில் அவரிடம் போய், “கடைசியா நீங்க குடுத்தது ஃபவுலே இல்லீங்க,” என்றேன், கொஞ்சம் சந்தோஷமாகவே.

“தெரியும். ஊதுனப்புறம்தான் தெரிஞ்சிது,” என்றார், தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே. “நீங்க கரெக்டாதான் ஊதுறீங்க. ஊதிட்டு இன்னாத்துக்கு கோச் மூஞ்சியப் பாக்குறீங்க?”

அதன்பின் அவரோடு எனக்கு ஆட்டம் அமையவில்லை. பார்க்காமல் இருக்கப் பழகுவதற்கு எனக்கு வெகுநாள் பிடித்தது. சென்ற வாரம் அடையாறில் ஓர் ஆட்டம் முழுக்க நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. முடிந்ததும் தோற்ற அணியின் பயிற்சியாளரே சிரித்தபடி வந்து கை கொடுத்தார்.

“சூப்பரா பண்ணீங்க சார். பட்டினப்பாக்கத்துலேர்ந்து ஒரு மேடம் வருவாங்களே, அச்சு அசல் அவங்க மாதிரியே!”

வீடு போய்ச் சேரும்வரை வயிறு எரிந்துகொண்டே இருந்தது.