அறுநூறு அடிக்குக் கீழே ஒரு குரல்

இதை வெகுநாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நேராகக் கடற்படை மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்பார்கள். ஆனால் நடந்தது நிஜம். தேதியும் மணியும் என் நோட்டில் இருக்கின்றன. 1958 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. பேய் வருகிற நேரம்கூட இல்லை. பகல் இரண்டு மணி. ஆனால் நீர்மூழ்கிக்குள் எந்நேரமும் ஒரே விளக்கு வெளிச்சம்தான்.

என் பெயர் எல்வுட் ஃபெர்னால்டு. கிட்டரி ஊர்க்காரன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் போர்ட்ஸ்மத் துறைமுகம். நான் இருந்த நீர்மூழ்கிப் படகின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

அது சண்டைக்குக் கட்டிய படகு அல்ல. டார்பிடோ ஒன்றுகூடக் கிடையாது. புது வடிவம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கவே கட்டினார்கள். அதுவரை நீர்மூழ்கிகள் கப்பல் மாதிரி ஒல்லியாக, கூர்மூக்கோடு இருக்கும். இது மழைத்துளி மாதிரி. முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் ஒடுங்கி முடிவில் ஒரே ஒரு புரொப்பெல்லர். விமானத்தில் இருப்பது போன்ற ஒற்றைக் குச்சியால் ஓட்ட வேண்டும். திரும்பினால் விமானம் மாதிரியே சாயும். பேருந்தில் தொங்குவது போல மேலே இருக்கும் தோல் வாரைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரு நிமிடம் நிம்மதியாக நிற்க விடாத படகு.

என் வேலை, படகு போடும் சத்தத்தைக் கேட்பது. வாலில், வெளியே தண்ணீரில், ஒலிவாங்கிகள் இருந்தன. கட்டுப்பாட்டு அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பேன். டேப்பில் பதிவு செய்வேன். எனக்கு நாலடி முன்னால் குச்சியைப் பிடித்து உட்கார்ந்திருப்பவன் லூசியன் ஊலெட். சீட்டாட்டத்தில் கூட்டாளி.

அன்று காலை அவன் கேட்டான். "என்னடா சாப்பிட்ட?"

"பீன்ஸ்."

"அப்போ இன்னிக்கு வர்ற சத்தத்தையெல்லாம் புரொப்பெல்லர்னே எழுதிக்க."

பின்னால் நின்ற கேப்டனே சிரித்துவிட்டார்.

மதியம் 1.52. கரைக்கு எதிரே இருக்கும் தீவுகளைத் தாண்டி மூழ்கினோம். 2.04. முழு வேகத்தில் மூக்கைத் தாழ்த்தி இறங்கினோம். சோதனை இதுதான்: முழு வேகத்தில் ஐநூற்று ஐம்பது அடி வரை இறங்கி, சட்டென்று மேலே திருப்ப வேண்டும். அறுநூறைத் தாண்டவே கூடாது என்பது உத்தரவு.

2.06. ஹெட்போனில் ஒரு குரல் கேட்டது.

"இருநூத்தி நாப்பது."

ஆண் குரல். நிதானமான, எங்கோ கேட்ட மாதிரியான குரல். யாரோ ஆழத்தைப் படிக்கிறார்கள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். யார் வாயும் அசையவில்லை. ஆழமானியின் முள் இருநூறில் இருந்தது.

"முந்நூத்தி எழுபது."

முள் முந்நூறில்.

படகுக்குள் பேசிக்கொள்ளும் போனும் அதே ஹெட்போனில்தான் வரும்; அதன் கம்பி எங்கோ உரசுகிறது என்று நினைத்து, போன் இணைப்பைப் பிடுங்கினேன். இப்போது என் காதில் வருவது வாலில் இருக்கும் ஒலிவாங்கி மட்டும். வெளியே இருக்கும் தண்ணீர் மட்டும்.

"ஐநூறு."

தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. முள் நானூறில்.

பக்கத்திலிருந்த இரண்டாவது ஆழமானியைப் பார்த்தேன். அதுவும் நானூறு. இரண்டு முள் ஒன்றைச் சொல்கின்றன... ஒரு குரல் வேறொன்றைச் சொல்கிறது. எதை நம்புவது? குரல் கேட்டது என்று சொன்னால் என் வேலை அன்றோடு போயிற்று. சொல்லாவிட்டால்...

2.07. தலைக்கு மேல் இரும்பு முனகியது. ஒரு நீண்ட முனகல். ஐநூறில் இந்தப் படகு இப்படி முனகாது. எனக்குத் தெரியும்.

"அறுநூத்தி அறுபது."

முள் ஐநூற்றுப் பத்து.

குரலில் பதற்றமே இல்லை.

அதுதான் என்னை உலுக்கியது.

"லூசியன், தூக்குடா!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கேப்டனின் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. குச்சியை வயிற்றோடு சேர்த்து இழுத்தான்.

படகு வாலில் நின்றது. கோப்பைகள் பறந்தன. எல்லோரும் வாரில் தொங்கினோம்.

"எழுநூத்திப் பத்து," என்றது குரல்.

பிறகு... ஒன்றுமில்லை. புரொப்பெல்லர் சத்தம் மட்டும்.

"யார்டா உனக்கு உத்தரவு குடுத்தது?" கேப்டன் லூசியனைப் பார்த்துக் கத்தினார்.

"எல்வுட் சொன்னான் சார்."

"நீ ஏன் சொன்னே?"

"இரும்பு முனகினது சரியில்ல சார்," என்று பொய் சொன்னேன்.

அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். படகின் மூக்கு வானத்தைப் பார்த்திருந்தது. நாங்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தோம். முள் மட்டும் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஐநூற்று இருபது... ஐநூற்று முப்பது...

அவர் முகம் வெளுத்துவிட்டது.

கரைக்கு வந்து பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு ஆழமானிகளுக்கும் கடல்நீர் அழுத்தத்தைக் கொண்டுபோகும் ஒரே குழாயில் அடைப்பு. முள் பின்தங்கியே வந்திருக்கிறது. வாலில் ஆழத்தைத் தானே பதியும் இன்னொரு கருவி இருந்தது; அதற்குத் தனிக் குழாய். அன்று நாங்கள் தொட்ட ஆழம் அதில் இருந்தது. எழுநூற்றுப் பத்து.

அன்று மாலையே டேப்பைப் போட்டுக் கேட்டேன். மூன்று முறை. தண்ணீர், புரொப்பெல்லர், இரும்பு முனகல். குரல் இல்லை.

லூசியனிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஹெட்போனை மாட்டினால் கால் ஆடும். அடுத்த வருடமே கடற்படையை விட்டு வெளியேறி, கரையில் ரேடியோ பழுது பார்க்கும் வேலைக்குப் போனேன். அதற்குள் எங்கள் மழைத்துளி வடிவம் ஜெயித்துவிட்டது. கடற்படை புதிதாகக் கட்டிய பெரிய நீர்மூழ்கிகளெல்லாம் அதே உருண்டை மூக்கு, அதே ஒடுங்கிய வால்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

1972 அக்டோபர். ஒரு வேலையாக, நீர்மூழ்கித் தளம் இருக்கும் குரோட்டன் போயிருந்தேன். மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் சூப் இருக்கிறதா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த தாடிக்காரர் சட்டென்று திரும்பினார். பெயர் வெர்ன். புதிய நீர்மூழ்கி ஒன்றில் ஒலி கேட்கும் வேலை என்றார்.

"அண்ணே, ஒரு நம்பர் சொல்லுங்க. ஐநூத்தி நாப்பதுன்னு சொல்லுங்க."

"எதுக்குப்பா, லாட்டரி சீட்டு வாங்கவா?"

அவர் சிரிக்கவில்லை. சரியென்று, "ஐநூத்தி நாப்பது" என்றேன்.

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"மூணு வருஷமா ஹெட்போன்ல உங்க குரலைக் கேக்குறேன். ஆழம் எண்ணுவீங்க. எங்க படகுல மட்டும் இல்ல. பக்கத்துப் படகுலயும்."

"எத்தனை அடி வரைக்கும்?"

"ஆயிரத்து முந்நூறு."

"அப்புறம்?"

"ஒரு மூச்சு இழுப்பீங்க. அவ்வளவுதான்."

இதுவரை நான் எழுநூற்றுப் பத்துக்குக் கீழே போனதே இல்லை.