ஐந்தரை மணி ரயிலும் நாலாவது கம்பியும்

என் அண்ணன் காணாமல் போன பிறகு அவனுடைய எலெக்ட்ரிக் கிடார் தானாகவே சத்தம் போட ஆரம்பித்தது. எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதையை ஒட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். அண்ணனுக்குத் திருவொற்றியூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் ஐந்தரை மணி பாசஞ்சரில் திரும்புவான். கல்யாணம், திருவிழா என்றால் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பான். ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு மாமன் படகை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போனான். படகு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காதவனுக்குக் காரியம் செய்ய எங்கள் ஆட்கள் அவசரப்பட மாட்டார்கள். ஏதாவது ஓர் அடையாளம் வரட்டும் என்று காத்திருப்பார்கள். அதுவரை மனைவி பொட்டை அழிக்க வேண்டாம். அண்ணியும் பொட்டோடுதான் இருந்தாள்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் ஐந்தரை மணி ரயில் கடந்தபோது, சுவரில் தொங்கிய கிடார் ‘ர்ர்ங்’ என்றது. ஒயர் கிடையாது, கரண்ட் கிடையாது, கிட்டத்தில் ஆள் கிடையாது. நாலாவது கம்பி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கதவோரம் ஒதுங்கினேன். அண்ணியோ, “வந்துட்டாரு” என்று சொல்லிவிட்டு அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

அதற்கப்புறம் தினமும் இதே கதை. காலை ரயிலுக்குச் சத்தம் வராது, கூட்ஸ் வண்டிக்கும் வராது. ஐந்தரைக்கு மட்டும் வரும். அண்ணி இரண்டு தம்ளரில் டீ ஊற்றுவாள். ஒன்று ஆறி, ஆடை கட்டும். அதை எடுத்து வாசலில் ஊற்றும்போது அவள் முகத்தில் வருத்தமே இருக்காது. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

மார்கழியில் பெரியவர்கள் வந்து, “எத்தினி நாளு இப்டியே இருப்ப? காரியத்துக்குத் தேதி வெச்சுருவோம்மா” என்றார்கள்.

“கம்பி பேசிக்கினு இருக்கு. பேசுற வரைக்கும் ஒண்ணும் செய்யக் கூடாது” என்றாள். சொல்லி வைத்தாற்போல் அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது, கம்பி பேசியது. வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள்.

நான் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். மெஷினில் எது கரகரத்தாலும் சும்மா விட எனக்குக் கை வராது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு, அண்ணி தண்ணீருக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் கிடாரைக் கீழே இறக்கினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் இடைவெளி தெரியும். ஒரு கண்ணை மூடிக் கிடாரின் கழுத்தை நீளவாக்கில் பார்த்தேன். நடுவில் கொஞ்சம் குழிந்திருக்க வேண்டிய மரம், மழை ஈரத்தில் ஊதி முதுகு தூக்கியிருந்தது. கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருந்த கட்டைகளில் முதலாவதிலும் கடைசியிலும் நாலாவது கம்பியை அழுத்தி, நடுவில் இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜைச் செருகினேன். ஆக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. கம்பி கட்டைகளின் மேலேயே படுத்திருந்தது. வீடு அதிர்ந்தால் அது கட்டையில் தட்டும். அவ்வளவுதான் விஷயம்!

கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். கீழே கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகளை அரைச் சுற்று ஏற்றினேன். இப்போது தகடு சுகமாக நுழைந்தது. பேயைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. அண்ணி கேட்டால், “அட, இவ்ளோதானா” என்று சிரிப்பாள், அவள் மனசிலிருந்து பாரம் இறங்கும் என்று நினைத்தேன். மடையன்.

ஐந்தரைக்கு ரயில் வந்தது. பாத்திரங்கள் அதிர்ந்தன. கிடார் வாயைத் திறக்கவில்லை.

கடைசிப் பெட்டி போன பிறகும் அண்ணி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, “அத்த இன்னா பண்ண நீ?” என்றாள். மரம், ஈரம், இடைவெளி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். முழுதும் கேட்டாள். பிறகு அடுப்பை அணைத்தாள், கண்ணாடி முன்னால் போய் நின்றாள், முந்தானை நுனியால் பொட்டைத் துடைத்தாள்.

உடனே கிடாரை இறக்கி, ஏற்றிய அரைச் சுற்றை இறக்கினேன், தளர்த்திய கால் சுற்றை முறுக்கினேன். கேஜில் பார்த்தால் அளவு பழையபடியேதான் இருந்தது. விரலால் சுண்டினால் கரகரத்தது. மறுநாள் ரயிலுக்கு அது பேசவில்லை. இன்னும் தாழ்த்தினேன். அதற்கடுத்த நாளும் பேசவில்லை. வெளியே அதே மழை, அதே தண்டவாளம், அதே ரயில். எந்தத் தகடு கொண்டு அதை அளப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாம் நாள் திருப்புளியோடு உட்கார்ந்திருந்த என் கையை அண்ணி பிடித்து நிறுத்தினாள்.

“உடு தம்பி. டெய்லி ஊட்டுக்கு வந்துக்கினுதான் இருந்தாரு. நீதான் வேணாம்னு அனுப்பிட்ட.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.