எனக்கு எத்தனை கிராம்

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தபோது வயது நாற்பத்து மூன்று. திருத்தங்கலில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலண்டர், டைரி சீசன் முடிந்துவிட்டால் மற்ற மாதங்களில் எங்களை ஓட்டியது லேபிள் ஆர்டர்கள்தான். பிஸ்கட் உறை, சேமியா பாக்கெட், மசாலா அட்டை. உறையின் பின்பக்கம் சத்து விவரக் கட்டம் போடும் வழக்கம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. நூறு கிராமில் புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, கார்போஹைட்ரேட் இவ்வளவு. ஒரு புள்ளி இடம் மாறினாலும் மொத்த லோடும் திரும்பி வந்துவிடும். அதனால் அந்தக் கட்டத்தை விரல் வைத்து எண் எண்ணாகப் படிப்பேன். அந்த எண்ணுக்கும் எனக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

விருதுநகரில் நான் போன டாக்டர் ரத்தச் சீட்டைப் பார்த்தார். வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து. மாத்திரை எழுதிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சாப்பாட்டு அட்டவணையை எடுத்து நீட்டினார். காலையில் நான்கு இட்லி, பதினோரு மணிக்கு இரண்டு பிஸ்கட், மதியம் ஒரு கப் சோறு, இரவு மூன்று சப்பாத்தி, நடுவில் பழம். மூன்று மாதம் அதில் ஒரு வரி மீறவில்லை. நாத்தனார் வீட்டு விசேஷத்தில் லட்டை முந்தானையில் முடிந்து வைத்து, வரும் வழியில் பஸ்ஸில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து வந்த எண் நூற்றுத் தொண்ணூற்று எட்டு.

"வாயைக் கட்டலபோல" என்றார் டாக்டர்.

"கட்டினேன் சார். நீங்க எழுதினதுதான் சாப்பிட்டேன்."

எழுதிக்கொண்டே தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று சொல்கிற ஆட்டம் அது. மாத்திரை இரட்டிப்பானது. எனக்கு நோயைவிட அந்தத் தலையாட்டல்தான் வலித்தது. செய்யாத தப்பைச் செய்ததாகச் சொன்னால் சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆகாது.

அச்சகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் டிசைன் பண்ணுகிற ஒருவர் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவரும் சர்க்கரைக்காரர்தான். மேஜையில் இடித்துக்கொண்டிருந்த தொப்பை அந்த வருடம் காணாமல் போயிருந்தது. எப்படி என்று கேட்டதும், இணையத்திலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு கத்தைத் தாளைக் காட்டினார். எல்லாம் ஆங்கிலம்.

"ஒண்ணுமில்ல தாயி, கார்போஹைட்ரேட்டைக் குறைக்கணும். அம்புட்டுதான்."

"அது எதுல இருக்கு அண்ணாச்சி?"

அவர் சிரித்துவிட்டார். "தெனமும் நீங்க திருத்துற கட்டத்துல மூணாவது வரி. அதையே என்கிட்ட கேக்கீகளே!"

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், டாக்டர் கொடுத்த அட்டவணைக்குப் பக்கத்தில் அண்ணாச்சியின் தாளை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். இட்லி ஒன்றுக்குப் பன்னிரண்டு கிராம், ஒரு கப் சோற்றுக்கு நாற்பத்தைந்து, சப்பாத்திக்குப் பதினைந்து. பழமும் பருப்பும் பாலும் சேர்ந்தபோது கணக்கு இருநூறைத் தாண்டியது. நான் வாயைக் கட்டியதாக நினைத்த மூன்று மாதமும் தினம் இருநூறு கிராம் தின்றிருக்கிறேன், அதுவும் டாக்டர் கையெழுத்தோடு.

அண்ணாச்சியின் அளவு ஒரு நாளைக்கு இருபது கிராம். "அதுக்கு மேல ஒரு பொட்டு போகக் கூடாது" என்றார். மறுநாளே இருபதில் இறங்கிவிட்டேன். முட்டை, மீன், கீரை, தேங்காய்ச் சில்லு, மோர். ரேஷனில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி போடத் தொடங்கியிருந்த நேரம் அது. ஊரே மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போக, நான் அரிசிப் பானையைத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் பிரிவில் இருந்த என் வீட்டுக்காரர், தட்டில் கீரையைக் குவித்துவைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "ஆடு வளக்கலாம்னு இருந்தேன். இனிமே வேண்டாம்" என்றார்.

எட்டாவது நாள் காலையில் புரூஃப் தாளில் எழுத்துக்கள் மிதக்க ஆரம்பித்தன. கழுத்தெல்லாம் வேர்வை, கை நடுக்கம். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவள் பைண்டிங் பெண்கள் நடுவே உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தி ஓடிப்போய்ச் சர்க்கரை அள்ளிப் போட்ட டீயை வாயில் ஊற்றினாள். அண்ணாச்சிதான் ஆட்டோ வைத்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டீ குடித்த பிறகும் அங்கே அறுபத்திரண்டுதான் இருந்தது. சோற்றைக் குறைத்தவள் இரட்டிப்பு மாத்திரையைக் குறைக்கவில்லை. டாக்டரிடம் கேட்காமல் சோற்றைக் குறைத்ததுதான் என் முட்டாள்தனம். அதை இன்றைக்கும் ஒளிக்க மாட்டேன்.

மறுநாள் விருதுநகர் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்தது.

"யாரைக் கேட்டும்மா இதெல்லாம்? பேசாம பழைய அட்டவணைக்கே போங்க."

"போக மாட்டேன் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. "அந்த அட்டவணையில மூணு மாசம் இருந்தேன், குறையல. நீங்க என்னையத்தான் குத்தம் சொன்னீங்க. இப்ப சோத்தைக் குறைச்சதும் மாத்திரை அதிகமாயிருச்சு. அப்படின்னா சோறுதானே சார் காரணம்? மாத்திரையைக் குறைச்சுக் குடுங்க. வாராவாரம் எண்ணைக் கொண்டாந்து காட்டுறேன். தப்பாப் போச்சுன்னா நீங்க சொல்றதைக் கேக்குறேன்."

டாக்டர் சீட்டை இழுத்து மாத்திரையைப் பாதியாக்கினார். சர்க்கரை பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். இருபதெல்லாம் வேண்டாம், அதற்கு மேலே எங்கே நிற்கிறதோ பாருங்கள் என்றார். அவர் என்னிடம் "பாருங்கள்" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இருபதை விட்டு நாற்பதுக்குப் போகிறேன் என்றதும் அண்ணாச்சிக்குக் கோபம். "நாப்பதுக்குப் போனீகன்னா செஞ்சதெல்லாம் வீண் தாயி. தாள்ல போட்டிருக்கு."

"தாள்ல என் பேரா போட்டிருக்கு? நீங்க நாள் முழுக்க உக்காந்து மவுஸைப் பிடிக்கீக. நான் காலையில ஒரு குடம் தண்ணி தூக்கி, பஸ்ஸுல தொங்கி வந்து, மிஷினுக்கும் மேஜைக்கும் நடந்துக்கிட்டே இருக்கேன். உங்க அளவு எனக்கு எதுக்கு?"

இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

நாற்பதிலிருந்து தொடங்கினேன். வாரத்துக்குப் பத்து கிராம் கூட்டுவது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்ப்பது. ரத்தத்தைத் தொட்டு மிஷினில் செருகுகிற பட்டை விலை கூடுதல் என்பதால் வீணாக ஒன்று கூடக் கிழிக்க மாட்டேன். எந்தச் சாப்பாட்டைச் சோதிப்பது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்வேன். நிறுப்பதற்குத்தான் வழியில்லை. கப் என்றால் எந்தக் கப்? அச்சகத்தில் மை கலக்கும் இடத்தில் கிராம் காட்டுகிற சின்னத் தராசு இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் புதுத் தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் வாழையிலைத் துண்டு போட்டு, டிபன் பாக்ஸ் சோற்றை வைத்தேன். மிஷின் ஃபோர்மேன் பார்த்துவிட்டார்.

"ஏக்கா, மை நிறுக்கிற எடத்துல சோத்தை நிறுக்கீகளே, மொதலாளி பாத்தா என்ன சொல்வாரு?"

"சோத்தைத்தான் நிறுக்கேன், திருடலையே. வரட்டும், நானே சொல்லிக்கிடுதேன்."

முதலாளி வரவில்லை. நான்கு நாளில் எனக்குத் தராசும் தேவைப்படவில்லை. ஒரு கரண்டி சோறு எவ்வளவு என்று கைக்குப் படிந்துவிட்டது.

அந்த வாரங்களில் நான் ஒருவர் சொல்லையும் நம்பவில்லை. கம்பங்கூழ் குடித்தால் சர்க்கரையே வராது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் வரை எல்லோரும் சொன்னார்கள். ஒரு செம்பு குடித்துவிட்டுக் குத்தினேன். இருநூற்றுப் பதினெட்டு. என் உடம்பில் கம்பும் அரிசியும் கூடப்பிறந்தவர்கள். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா ஒன்றே ஒன்று, சால்னாவை ஒதுக்கிவிட்டுத் தின்றேன். அந்த எண்ணை இங்கே எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவித்த மொச்சை நல்லபடி நடந்துகொண்டது. ஐம்பது, அறுபது, எண்பது வரை ஒரு சிக்கலும் இல்லை, தலை தெளிவாக இருந்தது. நூற்றுப்பத்துக்குப் போன வாரம் மதியத்துக்குப் பிறகு எண் நூற்றெண்பதைத் தாண்டியது. நூறிலும் இரண்டு முறை தாண்டியது. தொண்ணூறுக்கு இறங்கியதும் அடங்கி நின்றது. காலையில் ஓர் இட்லி, இரண்டு முட்டை, மதியம் ஒரு கரண்டிச் சோறு, குழம்பு, நிறைய காய், இரவு ஒரு சப்பாத்தி. அந்த எண்ணை எனக்கு யாரும் தரவில்லை. விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாக நானே எடுத்தது.

அதற்குள் தாயில்பட்டியில் என் வீட்டுக்காரரின் அக்கா பேரனுக்குக் காது குத்து வந்தது. அந்த அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். முப்பது வருடமாகப் பட்டாசு வேலை பார்க்கிறவர், வெடிமருந்தும் பசையும் ஏறிய கைகள், ஊரில் அவர் குரலுக்கு மறுகுரல் கிடையாது. கிடா வெட்டி, பந்தி போட்டார்கள். எனக்கு முன்னால் சோற்றுத் தட்டோடு வந்தவரிடம் ஒரு கரண்டி போதும் என்றேன். கறி வந்தபோது இன்னொரு கரண்டி கேட்டேன்.

பந்தியில் கறி ஆளுக்கு ஒரு கரண்டிதான். பரிமாறியவர் நின்றுவிட்டார். மதினி அங்கிருந்தே பார்த்துவிட்டார்.

"என்னத்தா, சோத்தை வேண்டாங்க, கறியை மட்டும் ரெண்டு கரண்டி கேக்க. சோறு என்ன எளக்காரமாப் போச்சா? வருசத்துக்கு ரெண்டு நாளு அரிசிச் சோறு பாத்த சனம் நாம. பண்ணையார் வீட்டு வாசல்ல நின்னு எங்கம்மா வடிச்ச கஞ்சி வாங்கியாந்து குடிச்சு வளந்தேன் நான். இன்னைக்குக் கை நெறைய அள்ளிப் போட்டா ஒனக்கு வேண்டாமா?"

பந்தியே கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதனால்தான் எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை.

"எளக்காரம் இல்ல மதினி. ஒங்க சோத்தை மதிக்கப் போயிதான் ஒரு கரண்டி வாங்கியிருக்கேன், ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டேன். அதுக்கு மேல தின்னா எனக்கு விசம். காலு வெட்டுற நெலமைக்குப் போயி நீங்க வந்து பாக்குறதுக்கு, இப்பவே நீங்க ஏசுறது நல்லது. ஏசுங்க. ஆனா திங்க மாட்டேன்."

பரிமாறியவர் அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் இலையோடு எழுந்து வந்து, தன் கறியை என் இலையில் தள்ளிவிட்டு, என் பக்கத்தில் ஆளை நகர்த்தி உட்கார்ந்தார்.

"எனக்குக் குழம்பு போதும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

வீட்டில் கீரைக்குக் கேலி பேசிய மனுஷன். அன்றைக்கு மதினி எங்களை வழியனுப்ப வரவில்லை. ஒரு வருடம் வரை என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அதற்காக நான் போய் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

ஆறு மாதத்தில் வெறும் வயிற்று எண் நூற்றுப் பதினெட்டுக்கு வந்தது. மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று என்று குறைந்தது. எடை ஆறு கிலோ இறங்கி நின்றுவிட்டது. ஐம்பதுக்கு இறங்கினால் மீதியும் போகும் என்றார் அண்ணாச்சி. போகாவிட்டால் போகட்டும் என்றேன். இளைப்பதற்காக நான் இதில் இறங்கவில்லை. சேலைக்கு மேல் மடிப்பு விழுகிற இந்த உடம்போடுதான் காலண்டர் சீசன் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் நின்றேன், ஒரு நாள் லீவு போடவில்லை.

டாக்டர், நான் எண்களைக் குறித்து வைத்திருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஒரு காப்பி எடுத்துக் குடுங்கம்மா, மத்த பேஷண்டுக்கும் தொண்ணூறுன்னு எழுதிரலாம்" என்றார்.

"மிஷினைப் பிடிச்சுப் பாக்கச் சொல்லிக் குடுங்க சார். எண்ணை எழுதாதீங்க" என்றேன். நோட்டைக் கொடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மாதவிலக்கு நின்ற சமயத்தில் தொண்ணூறும் ஒத்துக்கொள்ளாமல் போனது. எண் மெல்ல ஏறியது. அவ்வளவு பாடுபட்டுப் பிடித்தது கையை விட்டுப் போகிறதே என்று ஒரு மத்தியானம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மெடிக்கலுக்குப் போய் ஒரு டப்பா பட்டை வாங்கினேன். டாக்டருக்குப் போன் பண்ணி, மறுபடி அறுபதிலிருந்து ஆரம்பிக்கிறேன், மாத்திரையை எப்படி வைத்துக்கொள்ள என்று கேட்டேன். இந்தத் தடவை அவர், யாரைக் கேட்டு என்று கேட்கவில்லை; மாத்திரை அளவைச் சொன்னார்.