தூரமோ?

கனடாவில் ரொறன்ரோவுக்கு நான் வந்த புதிது. பக்கத்து ஊரான விட்பியின் ஆஸ்பத்திரியில் அக்காவை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோக முன் பார்க்க வேண்டும். அவவுக்கு இங்கே நான் மட்டும்தான். பெரிய ரெயின் ஸ்டேஷனில் சனம் ஏறிய படியில் நானும் ஏறி, பிளாற்போமில் நின்றேன்.

பக்கத்தில் ஒரு அன்ரி. ஆம்பிளைகளின் தடித்த கோட்டு, நெற்றியில் திருநீறு. ஒரு கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார்.

"தம்பி தூரமோ?"

வெளிக்கிட்ட ஆளிடம் எங்கே போகிறாய் என்று எங்கள் சனம் கேட்காது; தூரமோ என்றுதான் கேட்கும். எங்கே என்று கேட்டால் போகிற காரியம் சரிவராதாம்.

"இல்லை, கிட்டத்தான்" என்றேன். கதைக்க மனமில்லை.

ரெயின் வந்தது. உள்ளே வைத்த காலை, இது சரியான ரெயின்தானோ என்று சந்தேகப்பட்டுத் திரும்ப எடுத்தேன். அன்ரி என் கையைப் பிடித்தார்.

"குறை நினையாதேங்கோ. எங்கை போறியள்?"

"விட்பிக்கு. அக்காவுக்கு ஒப்பரேஷன்."

"இது ஸ்ரௌவ்வில் எண்ட ஊருக்குப் போறது, விட்பிக்குப் போகாது. உந்தப் படியாலை இறங்கி அங்காலை ஏறுங்கோ. ஓடுங்கோ தம்பி. நான் கேட்டதாலை அக்காவுக்கு ஒண்டும் வராது."

ஓடினேன். கதவு பூட்ட முன் ஏறிவிட்டேன். அக்காவையும் பார்த்தேன். இப்போது சுகமாக இருக்கிறார்.

அன்ரி அன்றைக்கு எங்கே போனாரோ தெரியாது. நான் கேட்கவில்லை.