யாரும் கொண்டுவராத பாட்டு

அரங்கத்துக் காவலாளியை நேரில் அண்ணே என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘சந்தேகம்’ என்பார்கள். தப்பில்லை. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை எண்ணுவார். கணக்குச் சரியாக இருந்தால், அதெப்படிச் சரியாக இருக்கும் என்று மறுபடி எண்ணுவார்.

பின்பக்க அறைக்கு அந்த ஐந்து பேர் வாசிக்க வந்ததிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து பேரும் ஐந்து நாடு, பேச்சு மட்டும் தமிழ். மைக் கிடையாது, ஒயர் கிடையாது. ஒருத்தி ரம்பத்தின்மேல் பிடில் வில்லை இழுக்கிறாள், ஒருவர் தகர வாளியைத் தட்டுகிறார். இதெல்லாம் ஒரு கச்சேரியா? ஆளுக்கொரு பாட்டைத் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்து, எது யாருடையது என்று சொல்லாமலும் கேட்காமலும் கலந்துவிட வேண்டுமாம். அதுதான் அவர்கள் போட்டுக்கொண்ட சட்டம். ஒளிக்கிறவர்களை எப்படி நம்புவது? மாப்புக்கட்டையும் கையுமாகக் கதவோரமே கிடந்தார்.

ஒரு நாள் மத்தியானம் உள்ளேயிருந்து, கலவையிலிருந்து பிரிந்து தனியாக, அவர் மனைவியின் பாட்டு கேட்டது.

அவள் போய் மூன்று வருஷம். சட்டைகளுக்குப் பட்டன் தைத்தபடி, வார்த்தையே இல்லாமல் பாடுவாள். “யாரும் சொல்லித் தரல. நானா கட்டுனது, உங்களுக்கு மட்டுந்தான்” என்பாள். அப்படியானால் இவர்களுக்கு எப்படித் தெரியும்? பொய் சொன்னாளா? யாரிடம் கற்றாள்? செத்தவளைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று அழுகை வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“இந்தப் பாட்டு யாரோடது?”

ரம்பக்காரி வாளிக்காரரைக் காட்டினாள். “இவரோடதுதானே?”

“நான் உன்னோடதுன்னுல்ல நெனச்சேன்” என்றார் அவர்.

மற்ற மூவரும் தலையை ஆட்டினார்கள், தங்களுடையது இல்லை என்று. கேட்கக்கூடாது என்று சட்டம் போட்ட புண்ணியவான்கள், யாரும் கொண்டுவராத பாட்டை இரண்டு மாதமாக வாசித்திருக்கிறார்கள்.

கதவை ஒட்டி உட்கார்ந்திருந்த குழல்காரர் காவலாளியை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணே, தரை தொடைக்கறப்ப நீங்க முணுமுணுக்கிறது இதுதானே? எனக்கு இப்பத்தான் உறைக்குது.”

“நானா? எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்.”

“தினமும் முணுமுணுக்கிறீங்கண்ணே.”

அவள் பொய் சொல்லவில்லை. எண்ணாத நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என் சம்சாரத்தோட பாட்டு. இன்னொரு தடவ வாசிங்க.”

வாசித்தார்கள். பாதியில் கையைத் தூக்கினார். “இங்க நிக்கணும். கொஞ்ச நேரந்தான்.”

“ஏண்ணே?”

“நூலப் பல்லால கடிப்பா.”