என் பெயருக்கு ஓர் அர்ச்சனை

அம்பாளை நம்பியிருக்கும் சகோதரங்களே, நான் கொஞ்சம் வாய்க்காரி. கோபம் வந்தால் கடவுளோடும் சண்டை பிடிப்பேன். அப்படிச் சண்டை பிடித்த எனக்கு அவள் என்ன செய்தாள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

போன தை மாதம் என் வதிவிடக் கார்ட் முடிந்தது. பிரான்சில் இருக்கவும் வேலை செய்யவும் அதுதான் உயிர். முன்பு புதுப்பிக்கப் போனால் விடியற்காலையில் பிரெபெக்சர் என்ற அரச அலுவலக வாசலில் குளிரில் நிற்க வேண்டும். நின்றால் முத்திரை குத்திய ஒரு கடதாசியாவது தருவார்கள். இப்போது எல்லாம் இணையத்தில். கையில் ஒன்றும் இல்லை.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பாரிசில் எங்கள் கடைத்தெருவான லா சப்பலில் போன் கடை வைத்திருந்த ஒருவர்தான் எங்கள் சனத்துக்கு இந்த வேலையைச் செய்து கொடுப்பார். "அக்கா, மெயில் இல்லையோ? பரவாயில்லை, என்ர மெயிலைப் போட்டுவிடுறன்" என்றார். எவ்வளவு நல்ல மனிதன் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்துப் போனால் கடை பூட்டிக் கிடக்கிறது. அவருடைய போன் நம்பரும் வேலை செய்யவில்லை.

அந்தக் கிழமையே, நான் அறைகள் துப்புரவாக்கும் ஹோட்டலின் முதலாளி, பத்ரோன், கூப்பிட்டார். கார்ட் புதுப்பிக்கக் கொடுத்ததற்கு திங்கட்கிழமை அத்தாட்சி காட்டாவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதுகில் ஒப்பரேசன் செய்த என் மனுசன் வீட்டில் படுத்திருக்கிறார். என் சம்பளமும் நின்றால் பொண்டியில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டை விட்டு இறங்க வேண்டியதுதான்.

அந்த இணையக் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லி மகளைக் கேட்டேன். "மம்மா, மோ தெ பாஸ் எங்கை?" என்றாள். கடவுச்சொல்லாம்.

"எனக்கென்னடி தெரியும்? புதுசா ஒண்டு எடு."

"எடுத்தாலும் அந்த அங்கிளின்ர மெயிலுக்குத்தான் வரும், மம்மா."

பிரெபெக்சருக்கு நேரே போனேன். ரொந்தெவூ, அதுதான் முன்பதிவு, இல்லாமல் விடமாட்டேன் என்றான் வாசலில் நின்றவன். ரொந்தெவூவை எங்கே எடுப்பது என்று கேட்டேன். இணையத்தில் என்றான். கோதாரி விழுந்த இணையம்! இத்தனை வருடம் இந்த நாட்டில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தவள், நான் யார் என்று காட்ட வழியில்லாமல் தெருவில் நின்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போனேன். கும்பிடவில்லை. பேசினேன். "எணேய் அம்மா, உனக்குக் கண்ணில்லையோ? நான் ஆருக்கு என்ன குறை வைச்சனான்? திங்கட்கிழமை நான் என்ன செய்யிறது? சொல்லு!" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பிறகு அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றேன். எப்போதும் மனுசனின் பெயருக்கும் மகளின் பெயருக்கும்தான் செய்வேன். தாய்மார் எல்லோரும் அப்படித்தானே? அன்று ஐயர், "பேர், நட்சத்திரம்?" என்று கேட்டபோது ஆத்திரத்தில் என் பெயரையே சொன்னேன். "குலசிங்கம் யோகமலர். கேட்டை." ஐயரும் அதைச் சத்தமாகவே சொல்லி அர்ச்சனை செய்தார்.

பின்னால் நின்ற ஒரு பெண் என் தோளைத் தொட்டாள்.

"அக்கா, நீங்கள் பொண்டியிலயோ இருக்கிறியள்?"

"ஓம், ஏன்?"

"ஐயோ, உங்களைத்தான் தேடிக்கொண்டு இருக்கிறம்! எங்கட இவர்தான் லா சப்பலில போன் கடை வைச்சிருந்தவர். உங்கட பேரில மெயில் வந்து கிடக்கு. கடையை விட்ட நேரம் அவரின்ர போனும் துலைஞ்சு, எல்லாரின்ர நம்பரும் போயிட்டுது."

 சண்டை பிடிக்கத் தேடிய மனிதனின் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஒபர்வில்லியேயில் ஒரு குடோனில் வேலையில் நின்ற அவரை, கோயிலில் செருப்பு வைக்கும் இடத்தில் நின்றே போனில் பிடித்தோம். அவர் மெயிலைத் திறந்து புதுக் கடவுச்சொல் எடுத்துத் தந்தார். என் கணக்குக்குள் போய்ப் பார்த்தால் அத்தாட்சி எப்போதோ வந்து கிடக்கிறது! நான் தெருவில் அழுத நேரமும் அது அங்கேதான் கிடந்திருக்கிறது. சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

திங்கட்கிழமை போனில் காட்டினேன். பத்ரோன் உற்றுப் பார்த்துவிட்டு, "இதைக் கடதாசியில் எடுத்துக்கொண்டு வா" என்றார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு போய் அச்சடித்துக் கொடுத்தேன். வேலை நிலைத்தது.

இப்போது எனக்கென்று ஒரு மெயில் இருக்கிறது. நானே திறப்பேன், நானே பார்ப்பேன். அந்தக் கடைக்காரரிலும் கோபமில்லை. கோயிலில் முன்பு போல ஒப்புக்குக் கும்பிட்டுவிட்டு ஓடி வருவதில்லை. நின்று பேசிவிட்டுத்தான் வருகிறேன்.

தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பிள்ளைக்கும் புருசனுக்கும் என்று நேர்ந்தே வாழும் என் சகோதரிகளே, கஷ்டம் வந்தால் உங்களுக்காகவும் அவளிடம் போங்கள். அழுகை வந்தால் அழுங்கள், கோபம் வந்தால் ஏசுங்கள். நான் யார் என்று இந்த நாட்டுக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை. அவள் ஒரு அத்தாட்சியும் கேட்கவில்லை.