பார்த்தவர் பெயர்

ஒருவரைப் பார்க்காமலே ‘பார்த்தேன்’ என்று ஒப்புக்கொண்டவர், அந்த ஒருவரே எதிரில் வந்து நின்றால் என்ன செய்வார்? ஜூடித்தின் வாழ்க்கை அந்தக் கேள்வியில் வந்து நின்றது.

ஆஸ்டின் டவுனில் தங்கை லீனாவோடு குடியிருந்த ஜூடித்துக்கு, முதியோர் பென்ஷன் அலுவலகம் ஒன்றில் ஒப்பந்த வேலை. யாருடைய பென்ஷனை நிறுத்தலாம் என்று கம்ப்யூட்டரே பட்டியல் போடும். ஆனால் அது தனியாக முடிவெடுக்கக் கூடாது, ஒவ்வொரு பெயரையும் ஒரு மனிதர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த மனிதர் ஜூடித். நாளொன்றுக்கு நானூறு பெயர்கள். சம்மதமென்றால் ஒரே அழுத்தல். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். அடிக்கடி மறுப்பவர்களுக்கென்று தனிப் பட்டியல் இருந்தது. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அவள் அழுத்திக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், சமாதானம் சொல்லும் நேரத்தில், முன்வரிசையிலிருந்து கைகூப்பித் திரும்பினார் தெருக்கோடி டெய்லர் டொமினிக்.

“சமாதானம், ஜூடித்.”

வெளியே வந்ததும் சிரித்தார். “பென்ஷன் வரலன்னு போய்க் கேட்டேம்மா. நான் செத்துட்டேனாம். அடக்கத்துக்கு நீயாவது வந்திருக்கலாம்ல?”

திங்களன்று ஜூடித் அவர் பெயரைத் தேடினாள். ‘இறந்திருக்கலாம். பார்த்தவர்: ஜூடித். நான்கு விநாடி.’ அதன்பின் பஸ்ஸில் வயதானவர் யார் ஏறினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவர்களும் உயிரோடிருந்தால்?

புதன்கிழமை தணிக்கைக் குழு வருவதாயிருந்தது. ஜூடித் டொமினிக்கைப் பற்றிச் சொன்னதும், மேற்பார்வையாளர் சுந்தரராமன் குரலைத் தாழ்த்தினார்.

“பார்த்தீங்களான்னு கேப்பாங்க மேடம். பார்த்தேன்னு எழுதிக் குடுங்க. அந்தத் தாத்தாவ நான் இன்னிக்கே பொழைக்க வெச்சிடறேன்.”

“மத்தவங்க, சார்?”

“அவங்கள்லாம் உங்க சர்ச்சா? பார்க்கலன்னு எழுதினா எல்லாப் பேரையும் திரும்பத் திறக்கணும். மொதல்ல போறது உங்க வேலைதான்.”

சொன்னபடியே செய்தார். மாலைக்குள் டொமினிக் பிழைத்துவிட்டார். ஜூடித்துக்கு இனி ஒரு பொய் மட்டுமே பாக்கி.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. அடுத்து அவள் செய்ததைப் பின்னாளில் லீனா தைரியம் என்றாள். ஆனால் புதன் காலை வீட்டிலிருந்து கிளம்பிய முகத்தில் இருந்தது பயம்தான்.

குழு நீட்டிய தாளில் அவள் எழுதினாள்: ‘ஒருவரையும் பார்க்கவில்லை.’